திராசிமேனோவை வலம் வருதல்: சாலை சைக்கிளோட்டிகளின் கேள்விகளும் விடைகளும்

இத்தாலியின் நடுப்பகுதியில், உம்பிரியா மாநிலத்தில், தொஸ்கானாவின் எல்லையை ஒட்டித் திராசிமேனோ ஏரி விரிந்து கிடக்கிறது. அதைச் சைக்கிளில் சுற்றிவர நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கைப்பிடி வளைந்த, மெல்லிய டயர் பூட்டிய சாலை சைக்கிளை ஓட்டுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. மற்ற வகை சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஏரியை முழுதாகச் சுற்ற எத்தனை கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்?

கரையின் சுற்றளவு ஏறக்குறைய 54 கிலோமீட்டர். சாலையும் பாதையும் எல்லா இடத்திலும் கரையை ஒட்டியே போவதில்லை என்பதால், ஓட்டும் தூரம் 60 கிலோமீட்டரை நெருங்கிவிடும். வாரம் இரண்டு மூன்று நாள் சைக்கிள் ஓட்டிப் பழகியவருக்கு, நிறுத்தங்களைச் சேர்க்காமல் மூன்று மணி நேரம் போதும். ஆனால் நிறுத்தங்களைச் சேர்க்காமல் இந்த ஏரியைச் சுற்றுவதில் பொருள் இல்லை. காலையில் புறப்பட்டு மதிய உணவை எதிர்க்கரையில் முடித்துக்கொண்டு மாலைக்குள் திரும்புவதே ஏற்ற கணக்கு.

இத்தாலிய ஏரி என்றதும் செங்குத்தான மலைகள் நினைவுக்கு வருகின்றனவே, இங்கும் அப்படித்தானா?

இல்லை. வடக்கே ஆல்ப்ஸ் அடிவாரத்திலுள்ள கோமோ, கார்தா போன்றவை பனிப்பாறைகள் தோண்டிய பள்ளங்களில் தேங்கிய ஏரிகள். அவற்றின் ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர். திராசிமேனோ அப்படி உருவானதன்று. பரப்பளவில் ஏறக்குறைய 128 சதுர கிலோமீட்டர் கொண்டு இத்தாலியின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தாலும், அதன் மிக ஆழமான இடமே ஆறு மீட்டர் அளவுதான். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 258 மீட்டர் உயரத்தில், ஒரு பெரிய தாம்பாளத்தில் ஊற்றிவைத்த தண்ணீரைப் போல அது கிடக்கிறது. வடக்கு, கிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பக்கமும் ஒலிவ மரங்கள் நிறைந்த குன்றுகள் அதை அணைத்து நிற்கின்றன. மேற்குப் பக்கம் மட்டும் வயல்வெளியாகத் திறந்து கியானா பள்ளத்தாக்கை நோக்கிப் போகிறது. ஆகவே கரையோரச் சுற்று பெரும்பாலும் சமதளம். கிழக்கே தோரிச்செல்லாவுக்கும் சான் ஃபெலிச்சானோவுக்கும் இடையில் மட்டும் குன்றுகள் நீர்வரை இறங்கி வருவதால் சில சிறிய ஏற்றங்கள் உண்டு. ஏற்றம் வேண்டுமென்பவர்கள் கரையை விட்டு விலக வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஏரியைச் சுற்றிச் சைக்கிள் பாதை இருக்கிறதாமே, சாலை சைக்கிளுக்கு அது ஏற்றதா?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான். பாதை இருப்பது உண்மை. அம்புக்குறிப் பலகைகளும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி தார் போட்டதன்று. நாணல் புதர்களுக்கும் சூரியகாந்தி வயல்களுக்கும் நடுவே போகும் அழுத்திய சரளைப் பாதை அது. காய்ந்த நாளில் 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள டயரில் வசதியாக ஓட்டலாம். 28 மில்லிமீட்டர் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, வேகத்தையும் குறைத்துக்கொண்டு ஓட்டலாம். 25 மில்லிமீட்டர் டயரில் ஓட்டினால் கவனம் முழுதும் கற்களின் மேல் இருக்கும், ஏரியைப் பார்க்க முடியாது. மழை பெய்த மறுநாள் இந்தப் பக்கத்துக் களிமண் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவே அப்பிக்கொள்ளும்.

எனவே சாலை சைக்கிளோட்டி இரண்டையும் கலந்து ஓட்டுவதே நல்லது. தெற்குக் கரையில் சாலையில் செல்லலாம். ஊர்களை ஒட்டிப் பாதை தார் பூசியதாகவோ கெட்டியாகவோ தென்படும் இடங்களில் அதற்குள் இறங்கலாம். வடகரையில் ஓர் எச்சரிக்கை தேவை. பெருஜாவையும் பெத்தோல்லேயையும் இணைக்கும் நான்குவழி விரைவுச் சாலை அங்கே ஏரியை ஒட்டியே ஓடுகிறது. அதில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதற்கு இணையாகத் துவோரோ, பசிஞ்யானோ ஊர்களின் வழியாகச் செல்லும் பழைய சாலைதான் நம்முடையது. கைப்பேசியின் வழிகாட்டிச் செயலியை ‘கார்’ என்ற அமைப்பில் வைத்துக்கொண்டு புறப்படுபவர்கள் விரைவுச் சாலையின் நுழைவாயிலில் போய் நின்று விழிப்பதுண்டு. மேற்கே போர்கெத்தோவுக்கும் காஸ்தில்யோனேவுக்கும் இடையிலுள்ள 71ஆம் எண் சாலையில் லாரிகள் ஓடும். அந்தத் துண்டுக்கு மட்டும் சரளையானாலும் பாதையே மேல் என்பது என் கருத்து.

எந்தத் திசையில் சுற்றுவது?

வலமாக, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில். இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. கோயிலில் சந்நிதியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுவதைப் போலவே ஏரியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டால், நீருக்கும் நமக்கும் நடுவே எதிர்வரும் வண்டிகள் இரா. நின்று பார்ப்பதற்குச் சாலையைக் கடக்கவும் வேண்டியதில்லை. பசிஞ்யானோவில் தொடங்குபவருக்கு வரிசை இப்படி அமையும்: தோரிச்செல்லா, மோந்தே தெல் லாகோ, சான் ஃபெலிச்சானோ, சான்தார்க்காஞ்ஜெலோ, காஸ்தில்யோனே தெல் லாகோ, போர்கெத்தோ, துவோரோ, மீண்டும் பசிஞ்யானோ. சிறு ஏற்றங்கள் கால் புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடுவது இதில் இன்னொரு வசதி.

இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நாட்டிலிருந்து வருபவர்கள் நேர்ச்சாலையில் தவறு செய்வதில்லை. வண்டியே இல்லாத ஊர்த்தெருவில் தேநீருக்கோ காப்பிக்கோ நிறுத்திவிட்டு மறுபடி ஏறும் அந்த முதல் பத்து மீட்டரில்தான் பழைய பழக்கம் கையைப் பிடித்து இழுக்கிறது. வட்டச் சந்திப்புகளைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரயிலில் வந்து சேர முடியுமா? சைக்கிளை ஏற்றிக்கொள்வார்களா?

முடியும். ஃபிளாரன்சுக்கும் ரோமுக்கும் இடையிலுள்ள பழைய ரயில் தடத்தில் தெரோந்தோலா, காஸ்தில்யோனே தெல் லாகோ, கியூசி ஆகிய நிலையங்கள் உள்ளன. தெரோந்தோலாவிலிருந்து ஃபொலிஞ்ஞோ செல்லும் கிளைத்தடம் துவோரோ, பசிஞ்யானோ, தோரிச்செல்லா, மாஜோனே வழியாக வடகரையை ஒட்டியே போகிறது. சைக்கிள் படம் போட்ட பெட்டியுள்ள வட்டார ரயில்களில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்கி ஏற்றலாம். சக்கரங்களைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டால் அது வெறும் மூட்டைதான், சீட்டு வேண்டாம். காகிதச் சீட்டானால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம்.

எந்த மாதங்கள் ஏற்றவை?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை; பிறகு செப்டம்பரும் அக்டோபர் முற்பாதியும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 35 பாகையைத் தாண்டும் நாள்கள் உண்டு. நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் கரையோரப் பாதையில் நிழல் குறைவு. குளிர்காலத்தில் ஏரியின் மேல் மூடுபனி காலை முழுதும் படிந்துகிடக்கும்.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வீசும் திராமோந்தானா காற்று, ஏரி ஆழமற்றதாக இருப்பதால், அரைமணி நேரத்தில் தண்ணீரைக் குட்டிக் கடலாக்கிவிடும். மேற்குக் கரையில் வடக்கு நோக்கிப் போகும் சமதளத்தில் அது நேராக மார்பில் மோதும். வலமாகச் சுற்றுவதிலுள்ள ஒரே குறை அதுதான்.

குன்றுகளில் ஏற விரும்பினால் எங்கே போவது?

இங்குதான் இந்த வட்டாரத்தின் உண்மையான சாலை சைக்கிளோட்டம் தொடங்குகிறது. கரையில் ஓட்டும்போது ஏரி ஒரு வெள்ளைக் கோடாகத்தான் கண்ணுக்குத் தெரியும். நாணல் அதையும் பல இடங்களில் மறைத்துவிடும். ஏரியின் உருவம், அதன் மூன்று தீவுகள், எதிர்க்கரைக் கோட்டை எல்லாம் சேர்ந்து ஒரே பார்வையில் தெரிய வேண்டுமானால் முந்நூறு நானூறு மீட்டர் மேலே ஏறியாக வேண்டும்.

முதலாவது, பசிஞ்யானோவிலிருந்து காஸ்தெல் ரிகோனே. ஊர் ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீர்மட்டத்திலிருந்து கணக்கிட்டால் நானூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். தண்டவாளத்தையும் விரைவுச் சாலையையும் கடந்த உடனே சாலை ஒலிவத் தோப்புகளுக்குள் வளையத் தொடங்கும். ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் ஏரி ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் மாறி மாறித் தெரியும். கீழே கேட்டுக்கொண்டிருந்த லாரிச் சத்தம் மூன்றாவது நான்காவது வளைவில் தேய்ந்து, செயின் ஓடும் ஒலியும் நம் மூச்சும் மட்டும் மிஞ்சும். மேலே போகப் போக ஒலிவம் குறைந்து ஓக் மரங்கள் வரும். உச்சியில் மதிலுக்குள் அடங்கிய சின்ன ஊர், அதன் வாசலில் மறுமலர்ச்சிக் காலத்து மாதா கோயில். அங்கிருந்து வந்த வழியே இறங்கலாம். வலுவிருந்தால் வடக்கே நிக்கோனே பள்ளத்தாக்கின் பக்கமாக இறங்கித் துவோரோவுக்கு மேலுள்ள கணவாய் வழியாக மீண்டும் ஏரிக்கு வரலாம்.

இரண்டாவது, தெற்கே பானிக்காலே, பாச்சானோ, சித்தா தெல்லா பியேவே என்ற மூன்று ஊர்களைக் கோக்கும் வளையம். காஸ்தில்யோனேவிலிருந்து புறப்பட்டுத் திரும்பினால் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் அடங்கும். பானிக்காலேயின் சரிவான சதுக்கத்தில் காப்பிக்கு நின்றால் அங்குள்ள சான் செபாஸ்தியானோ தேவாலயத்தைப் பார்த்துவிட்டே போங்கள். பெருஜீனோ என்ற ஓவியர் 1505இல் அதன் சுவரில் புனித செபாஸ்தியனை அம்பெய்து வதைக்கும் காட்சியைத் தீட்டியிருக்கிறார். அம்பெய்பவர்களுக்குப் பின்னால் வளைவுகளின் ஊடே தெரியும் நிலத்தைப் பாருங்கள்: நீங்கள் சற்றுமுன் ஏறிவந்த அதே மென்மையான குன்றுகள், அதே நீலம். சித்தா தெல்லா பியேவே அவருடைய பிறந்த ஊர். 508 மீட்டர் உயரத்தில், கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லால் எழுந்த ஊர்.

மூன்றாவது, வடமேற்கே கொர்த்தோனா. கடைசி இருநூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தை ஒரே மூச்சாக ஏற வேண்டும். புகழ்பெற்ற ஊர் என்பதால் கோடையில் சுற்றுலாப் பேருந்துகளும் கூடவே ஏறும். ஒரே ஒரு ஏற்றத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்பவருக்கு நான் காஸ்தெல் ரிகோனேயைத்தான் சொல்வேன்.

எந்த அளவு கியர் தேவைப்படும்?

முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரு சக்கரங்களும் பின்னால் 32 பற்கள் வரை போகும் அடுக்கும் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். 34-க்கு 32 என்ற கியரில் ஒரு மிதி சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் நகர்வோம். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மலையேற்றத்தில் அதைவிட மெதுவாகத்தான் போவேன் என்பவர்களும், பைகளைச் சுமப்பவர்களும் பின்னடுக்கை 34 அல்லது 36 பற்களுக்கு மாற்றிக்கொள்வது முழங்காலுக்கு நல்லது. வாடகைக்கு எடுப்பவர்கள் சைக்கிளின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் பின்சக்கரப் பற்களை எண்ணிப் பாருங்கள்.

சட்டப்படி கவனிக்க வேண்டியவை எவை?

ஊர் எல்லைக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும். மணி கட்டாயம். இரவில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் வேண்டும். ஊருக்கு வெளியே பொழுது சாய்ந்து அரைமணிக்குப் பின்னும், எந்த நேரமானாலும் சுரங்கப் பாதையிலும், ஒளி எதிரொளிக்கும் மேலங்கி அணிய வேண்டும். பெரியவர்களுக்கு ஹெல்மெட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அதைச் சாக்காகக் கொள்ளாதீர்கள்.

ஹன்னிபால் போரிட்ட ஏரி இதுதானா?

இதுவேதான். கி.மு. 217ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால், ரோமின் உயர் ஆட்சியாளரான கன்சல் ஃபிளாமினியுஸ் தலைமையில் வந்த ரோமானியப் படையை இந்த வடகரையில் மடக்கினார். புத்தகத்தில் படித்தால் குழப்பமாகத் தோன்றும் அந்தப் போர், போர்கெத்தோவிலிருந்து துவோரோ வரை ஓட்டிப் பார்த்தால் எளிதில் புரிந்துவிடும். மேற்கின் அகன்ற வயல்வெளியிலிருந்து வரும் சாலை திடீரென்று குன்றுக்கும் நீருக்கும் நடுவே நெருக்கப்படுகிறது. அதைத் தாண்டியதும் குன்றுகள் பிறைபோல விலகி ஒரு சிறு சமவெளி விரிகிறது. அன்று கரை இன்றைக்கிருப்பதைவிடக் குன்றுகளின் பக்கமாகத் தள்ளியிருந்ததால் இடம் இன்னும் குறுகலாக இருந்தது. காலை மூடுபனியில் ரோமானியர்கள் நீண்ட வரிசையாக உள்ளே நுழைந்ததும், மேலே மறைந்திருந்தவர்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் இறங்கினார்கள். ஃபிளாமினியுஸும் பதினைந்தாயிரம் பேரும் மாண்டனர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். இத்தாலியின் பல நகரங்களை இடித்த ஒரு நிலநடுக்கம் அன்று ஏற்பட்டதென்றும், போரிட்டுக்கொண்டிருந்த எவரும் அதை உணரவில்லை என்றும் அவரே சொல்கிறார். அருகிலுள்ள ஒரு சிற்றூருக்கு இன்றும் சாங்குவினேத்தோ என்று பெயர். இத்தாலியத்தில் ‘சாங்குவே’ என்றால் இரத்தம்.

தெரோந்தோலா நிலையத்தில் சைக்கிளோட்டிகள் நின்று படம் எடுத்துக்கொள்வது ஏன்?

சைக்கிள் பந்தய வீரர் ஜீனோ பார்த்தலியை நினைவுகூரும் கல்வெட்டு அங்கே இருப்பதால். 1938லும் 1948லும் பிரான்சுச் சுற்றுப் போட்டியை வென்ற அவர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பு நடந்த 1943, 1944 ஆண்டுகளில் பயிற்சி செய்கிறேன் என்ற பெயரில் ஃபிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே பலமுறை ஓட்டினார் என்றும், யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாள ஆவணங்களைச் சைக்கிள் சட்டத்தின் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்தார் என்றும் சொல்லப்படுகிறது. ரயில் மாறும் இடமான தெரோந்தோலாவில் அவர் இறங்கியதும் ரசிகர்கள் கூடிவிடுவார்களாம். காவலர்களின் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பிவிட, அகதிகள் அடுத்த ரயிலுக்கு நழுவிவிடுவார்களாம். அவர் உயிரோடிருந்தவரை இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. 2013இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் அவரை, யூதர்களைக் காத்த பிற இனத்தாருக்கான ‘நேர்மையாளர்கள்’ பட்டியலில் சேர்த்தது. சில வரலாற்றாளர்கள் இதன் விவரங்களைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுவதே முறை.

தீவுகளுக்குச் சைக்கிளுடன் போகலாமா?

போக வேண்டியதில்லை. பசிஞ்யானோ, துவோரோ, காஸ்தில்யோனே ஆகிய இடங்களிலிருந்து மாஜோரே தீவுக்கும், சான் ஃபெலிச்சானோவிலிருந்து பொல்வேசே தீவுக்கும் படகு உண்டு; சைக்கிளைக் கரையில் பூட்டிவிட்டு நடந்தே பார்த்துவிடும் அளவுதான் தீவுகள். மாஜோரே தீவில் அசிசியின் பிரான்சிஸ் 1211ஆம் ஆண்டுத் தவக்காலத்தைத் தனியே கழித்தார் என்பது மரபு. கொண்டுபோன இரண்டு ரொட்டிகளில் நாற்பது நாளில் அரை ரொட்டிதான் தின்றாராம். சைக்கிளோட்டிகள் இதில் அவரைப் பின்பற்றலாகாது.

சாப்பாடு எப்படி? மரக்கறி உண்பவர்கள் சமாளிக்க முடியுமா?

மீன் உண்பவர்களுக்குக் குறையே இல்லை. விலாங்கு, பெர்ச் முதலிய ஏரி மீன்களைத் தக்காளியுடன் மண்சட்டியில் மணிக்கணக்காகச் சுண்டவைத்த ‘தெகமாச்சோ’ இக்கரையின் பெயர்போன உணவு. பரிமாறும்போது சட்டியைக் கிளறமாட்டார்கள். ஆட்டித்தான் கலக்குவார்கள், மீன் உடைந்துவிடும் என்று. நம் வீடுகளில் மீன்குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

மரக்கறியாளர்களுக்கான விடை ‘ஃபஜோலீனா’. திராசிமேனோவின் பெருமையாக ஊரார் காட்டும் இந்தச் சின்னஞ்சிறிய பயறு, சொல்லப்போனால் நம்முடைய காராமணி, தட்டைப்பயறு ஆகியவற்றின் அதே இனம். அளவில் மட்டும் அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, வெள்ளையாகவும் பழுப்பாகவும் கறுப்பாகவும் கலந்து கிடக்கும். காய்கள் ஒரே நாளில் முற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக முற்றுவதால், கோடையில் நாள்தோறும் வயலில் இறங்கிக் கையாலேயே பறிக்க வேண்டியிருக்கிறது. விலை அதிகம் என்று முகம் சுளிப்பவர்கள் அந்தக் கூலியை நினைத்துக்கொள்ள வேண்டும். வேகவைத்து, ஒலிவ எண்ணெயும் உப்பும் மட்டும் சேர்த்து ஒரு கிண்ணம் தருவார்கள். ஊறவைக்காமலே வெந்துவிடும் பயறு, வயிற்றில் கனக்காது, அதைச் சாப்பிட்டுவிட்டு மீதி முப்பது கிலோமீட்டரைத் தயங்காமல் ஓட்டலாம். கூடவே, சூடான தட்டுக்கல்லில் சுட்ட ‘தோர்த்தா அல் தெஸ்தோ’ என்னும் தடித்த ரொட்டியைக் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துக் கேளுங்கள். மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பவர்களும் உண்டு. ‘ஸ்த்ரூத்தோ’ இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வழியில் தண்ணீர் கிடைக்குமா?

ஊர்ச் சதுக்கங்களில் பொதுக் குழாய்கள் உண்டு. ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். சிற்றூர்க் கடைகள் மதியம் ஒரு மணிக்கு மூடினால் நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். இரண்டு புட்டிகளையும் பன்னிரண்டரைக்குள் நிரப்பிவிடுங்கள்.

படத்தில் பார்த்ததைவிடத் தண்ணீர் விலகியிருக்கிறதே, ஏன்?

இந்த ஏரிக்குள் பெரிய ஆறு எதுவும் வந்து விழுவதில்லை. இயற்கையான வெளிப்போக்கும் இல்லை. மழையும் சிற்றோடைகளும் தருவதை வெயில் எடுத்துக்கொள்கிறது. வெள்ளக் காலத்தில் கரை மூழ்காதிருக்க, சான் சவீனோவுக்கு அருகில் நிலத்தடி வடிகால் ஒன்றை 1898இல் கட்டிமுடித்தார்கள். நேர்மாறாக 1950களில் ஏரி வற்றிச் சுருங்கி ஊரையே கலங்கவைத்தது. மழை பொய்த்த அண்மை ஆண்டுகளிலும் படகுத்துறைகளுக்கும் நீருக்கும் நடுவே சேறு தெரிகிறது. ஆழமில்லாத தாம்பாளத்தில் அரை மீட்டர் குறைந்தாலும் கரை வெகுதூரம் பின்வாங்கிவிடும்.

மாலையில் முகத்தில் மொய்க்கும் பூச்சிகள் கொசுக்களா?

பெரும்பாலும் இல்லை. ஏரியின் அடிச்சேற்றில் புழுவாக வளர்ந்து, வெப்பமான மாதங்களில் கூட்டமாக வெளிவரும் ஒருவகை ஈக்கள் அவை. கொசுவைப் போன்ற உருவம்தான், கடிப்பதில்லை. ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வாயைத் திறந்துகொண்டு போகிறவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. விளக்கேற்றும் நேரத்தில் நிறமற்ற கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், கழுத்துத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். கரையோர விளக்குக் கம்பத்தின் அடியில் நின்று பஞ்சர் ஒட்டாதீர்கள்.